ஒபாமாகேர் ரத்தாகிவிட்டதா? அப்பா அம்மாவின் பிரீமியம் ஏன் இப்படி ஏறியது?

டெக்சாஸ் மாநிலம் டாலஸ் பக்கத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, என் அப்பாவுக்கு 70 வயது, அம்மாவுக்கு 67. இருவருமே திருச்சியில் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். 2024-இல் கிரீன் கார்டில் எங்களிடம் வந்தார்கள். அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துக் கொடுத்தோம். இத்தனை நாளும் பிரீமியம் என்று கட்டியதே இல்லை. இந்த ஜனவரியிலிருந்து இருவருக்கும் சேர்த்து மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருக்கிறது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள் என்கிறார் என் கணவர். பாலிசியை விட்டுவிட்டு டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? இல்லை, இருவரையும் ஊருக்கே அனுப்பிவிடலாமா?"

கையில் இருக்கும் பாலிசியை இன்னும் விட்டுவிடவில்லை என்றால் தயவுசெய்து விடாதீர்கள். ஒரு மாதப் பணம் கைக்கடியாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். டாக்ஸ் கிரெடிட், அதாவது பிரீமியத்துக்கான அரசு மானியம், இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஒரு மாத அவகாசம்தான். பணம் கட்டாமல் பாலிசி போனால், அதைக் காரணம் காட்டி நடுவில் மறுபடி சேர முடியாது. நவம்பரில் பதிவு திறந்த பிறகு சேர்ந்து, அடுத்த ஜனவரியில்தான் பாலிசி தொடங்கும். ஸ்டென்ட் வைத்த மனிதர் அதுவரை காப்பீடு இல்லாமல் இருப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டிராவல் இன்ஷூரன்ஸ் இதற்கு மாற்று ஆகாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அந்தப் பாலிசிகள் பெரும்பாலும் பணம் தராது. தந்தாலும் ஒரு வரம்போடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் வீட்டில் செலவு வரப்போவதே சுகருக்கும் இதயத்துக்கும்தான்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். சட்டம் ரத்தாகவில்லை. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இன்றும் இருக்கிறது. ரத்து செய்யும் முயற்சிகளுக்கும் குறைவில்லை. குடியரசுக் கட்சியினர் கீழவையில் பல பத்து தடவை வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2013 அக்டோபரில் இதை வைத்து அரசாங்கமே 16 நாள் முடங்கியது. 2016 ஜனவரியில் இரு அவைகளிலும் நிறைவேறி வந்த ரத்து மசோதாவை ஒபாமா வீட்டோ செய்தார். 2012, 2015, 2021 என்று மூன்று தடவை உச்ச நீதிமன்றத்தில் கண்டம் தாண்டியது.

எல்லாவற்றிலும் நெருக்கமான தருணம் 2017 ஜூலை 28. அதிபர் ட்ரம்ப், இரு அவைகளிலும் அவருடைய கட்சிக்கே பெரும்பான்மை. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் செனட்டில் வாக்கெடுப்பு நடக்கிறது. மூளைப் புற்றுநோய் இருப்பது தெரிந்து சில நாட்களே ஆன குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் முன்னால் வந்து, கையை நீட்டி, கட்டை விரலைக் கீழே இறக்கினார். அதே கட்சியின் சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி இருவரும் அவர் பக்கம். 49-க்கு 51 என்று மசோதா விழுந்தது.

உங்களுக்குப் பயன்படும் விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. செனட்டில் ஒரு சாதாரண மசோதாவை நகர்த்த 60 வாக்கு வேண்டும். வரவு செலவு சம்பந்தப்பட்டதை மட்டும் ரிகன்சிலியேஷன் என்ற தனி வழியில் சாதாரணப் பெரும்பான்மையிலேயே முடித்துவிடலாம். அதனால் இந்தச் சட்டத்தை இரண்டு பாகமாகப் பாருங்கள். நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, நோயாளியிடம் கூடுதல் பிரீமியம் வாங்கக் கூடாது என்பதெல்லாம் விதிகள். அவற்றை அசைக்க 60 பேர் வேண்டும். அது யாருக்கும் கிடைத்ததில்லை. மானியம், அபராதம் எல்லாம் பணம். அதில் கைவைக்கப் பெரும்பான்மை போதும். காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தை 2017 டிசம்பர் வரிச் சட்டம் பூஜ்யமாக்கியது இப்படித்தான். உங்கள் அம்மா அப்பாவுக்கான மானியம் போனதும் இப்படித்தான். விதி அப்படியே நிற்கிறது. சுகரைக் காட்டி அம்மாவை யாரும் தள்ள முடியாது.

டிவியில் அடிபட்ட கூடுதல் மானிய விவகாரம் வேறு. 2021-இல் வந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. அதை நீட்டிக்கச் சொல்லித்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கம் முடங்கியது. டிசம்பரில் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது, 60 கிடைக்கவில்லை. பலருக்குப் பிரீமியம் ஏறியதற்கு அதுதான் காரணம். உங்கள் வீட்டில் மானியம் மொத்தமாக நின்றதற்குக் காரணம் அது இல்லை. 2025 ஜூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டத்தில் இருக்கும் ஒரு பிரிவு அது.

முன்பு நிலைமை இப்படி இருந்தது: கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்களுக்கு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் கிடைக்காது. அதனால் வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் காட்டினாலும் மார்க்கெட்பிளேஸ் மானியம் கொடுத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது வருமானம் கோட்டுக்கு மேல் இருந்தால்தான் மானியம். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2026 பாலிசிக்கான கோடு ஆண்டுக்கு 21,150 டாலர். மிகவும் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் இருப்பவருக்கு உதவி உண்டு என்பது அநியாயம்தான். அதை அநியாயம் என்றே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் 0 என்று இருக்கிறது. மானியம் என்ற இடத்திலும் 0. இங்கே வேலைக்குப் போகவில்லையே என்று போட்டிருப்பீர்கள். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கிரீன் கார்டு இருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் அது வருமானம். திருச்சி கருவூலத்திலிருந்து வரும் பென்ஷனும், வங்கி டெபாசிட் வட்டியும் சேர்ந்ததுதான்.

நீங்கள் எழுதிய தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன். அப்பா பென்ஷன் மாதம் 75,000, அம்மாவுக்கு 65,000; ஆண்டுக்கு 16.8 லட்சம். டெபாசிட் வட்டி 3.5 லட்சம். மொத்தம் 20.3 லட்சம் ரூபாய். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 22,500 டாலர். கோட்டைத் தாண்டிவிட்டது! உறையூர் வீட்டு வாடகையில் செலவும் தேய்மானமும் போக ஏதாவது மிஞ்சினால் அதுவும் சேரும்.

இந்த வருமானத்துக்கு, மானியக் கணக்குக்கு அடிப்படையாக எடுக்கும் சில்வர் என்ற நடுத்தர வகைப் பாலிசிக்கு நீங்கள் தர வேண்டியது வருமானத்தில் 2.1 சதவீதம். இருவருக்கும் சேர்த்து மாதம் 40 டாலர் அளவில் வரும். சில்வர் எடுத்தால் டிடக்டிபிளும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) மருந்துக்குக் கையிலிருந்து கட்டுவதும் வெகுவாகக் குறையும். பிரான்ஸ் (Bronze) வகைப் பாலிசி மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சலுகை சில்வரில் மட்டும்தான்.

எனவே இந்த வாரமே மார்க்கெட்பிளேஸ் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் கணக்கில் போய் வருமானத்தைத் திருத்துங்கள். பென்ஷன் ஸ்லிப், வங்கியின் வட்டிச் சான்றிதழ் இரண்டையும் தயாராக வையுங்கள், ஆதாரம் கேட்பார்கள். மானியம் பெரும்பாலும் அடுத்த மாதத்திலிருந்து தொடங்கும். முழுப் பிரீமியம் கட்டிய மாதங்களுக்கு உரியதை வரி ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட வேண்டும். மானியக் கணக்குக்கான 8962 படிவம் அதில் இருக்க வேண்டும்.

இல்லாத வருமானத்தைக் கோட்டைத் தாண்டுவதற்காகக் காட்டாதீர்கள். இருப்பதைக் குறைக்கவும் வேண்டாம். கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்ட முன்பு ஓர் உச்ச வரம்பு இருந்தது. 2026 முதல் அது இல்லை, முழுவதையும் கட்ட வேண்டும். அப்புறம், 2024, 2025-க்கு மானியம் வாங்கியிருக்கிறார்கள் அல்லவா? மானியம் வாங்கியவர் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இந்திய வருமான வரி தெரிந்த ஒரு சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) அந்த இரண்டு வருடத்தையும் ஒன்றாகக் கொடுத்துச் சரி செய்யுங்கள். இந்திய வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அதற்குத் தனி அறிக்கை உண்டு, அதையும் கேளுங்கள்.

பென்ஷன் இல்லாத பெற்றோர் வீட்டில் இருந்தால் வேறு வழி பார்க்கலாம். மகனோ மகளோ தங்கள் ரிட்டர்னில் அவர்களை டிபென்டன்ட் (தங்களைச் சார்ந்திருப்பவர்) ஆகக் காட்டினால், கணக்குக்கு எடுப்பது அந்த முழுக் குடும்பத்தின் வருமானம். தம்பதி, இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி என்று ஆறு பேர் என்றால் 172,600 டாலர் வரை மானியம் உண்டு. ஒன்றரை லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் அதில் 9.96 சதவீதம், அதாவது மாதம் 1,245 டாலர் வரை கட்டும். அந்த சில்வர் பாலிசிக்கு அதற்கு மேல் போவதை மானியம் ஏற்கும். ஆனால் 172,600-க்கு மேல் ஒரு டாலர் போனாலும் மொத்த மானியமும் போய்விடும். உங்கள் பெற்றோருக்கு இது பொருந்தாது, ஏனென்றால் பென்ஷன் வருமானமே டிபென்டன்ட் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

எச்-1பி என்ற வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலோ இருந்துகொண்டு மார்க்கெட்பிளேஸ் மானியம் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2027 ஜனவரி 1 முதல் உங்களுக்கு அது இல்லை. முழு விலையில் வாங்கலாம், அவ்வளவுதான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தொடரும்.

ஊருக்கு அனுப்புவதா என்று கேட்டீர்கள். பணத்துக்காக என்றால் இப்போது தேவையே இல்லை. அவர்களுக்கே அங்கே இருக்கத்தான் பிடிக்கிறது என்றால் அது வேறு. கிரீன் கார்டைத் தக்கவைப்பது பற்றி வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கேயே இருப்பார்கள் என்றால் 2029-ஐக் காலண்டரில் குறித்து வையுங்கள். அவர்கள் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே இருந்திருந்தால் அப்போது, 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். 2026 விலையில் பார்ட் பி (டாக்டர் செலவுக்கு) மாதம் 202.90 டாலர், பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கு) 565 டாலர், ஒவ்வொருவருக்கும். ஐந்து வருடம் நிறையும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்புவரை பதிவுக் காலம். அதைத் தவறவிட்டால் தாமதத்துக்கான அபராதம் பிரீமியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கார்டில் அவர்கள் குடியேறிய தேதி அச்சாகியிருக்கும். அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.