மகளுக்கு வாங்கும் தொப்பி

அன்புள்ள சார்,

பேஸ்பால் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இதை உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது. நான் பிட்ஸ்பர்கில் இருக்கிறேன். 2013இல் படிக்க வந்தேன். வந்த அந்த அக்டோபரிலேயே எங்கள் ஊர் பைரேட்ஸ் அணி 21 வருடத்துக்குப் பிறகு, சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் ஆட்டங்களுக்குப் போனது. அறை நண்பர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து கத்த, ஆட்டத்தின் விதிகூடத் தெரியாமல் நானும் சேர்ந்து கத்தினேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அடுத்த இரண்டு வருடமும் ப்ளேஆஃபில் ஒரே ஆட்டத்தோடு வெளியே வந்தோம். 2015க்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. 2025இல் 71 வெற்றி, 91 தோல்வி. எங்கள் அணியில் ஒரு பையன் நன்றாக ஆடத் தொடங்கினால், இவனை எப்போது கொடுத்துவிடுவார்கள் என்றுதான் முதலில் நினைக்கிறேன். 2018 ஜனவரியில் எங்கள் நட்சத்திரங்களான கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மெக்கச்சனையும் ஒரே வாரத்தில் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த பயம் இது. ஆபீஸ் நண்பர் டாட்ஜர்ஸ் ரசிகர். "ரெண்டு வருஷமா கோப்பை எங்ககிட்டதான் இருக்கு, பேசாம இந்தப் பக்கம் வந்துடுங்க" என்கிறார்.

இப்போது பிரச்சினை என் மகள். ஏப்ரலில் ஒன்பது வயதாகிறது. பிறந்தநாளுக்கு பைரேட்ஸ் தொப்பி வேண்டுமாம். "நீங்க படற பாடு போதாதா, அவளையும் ஏன் இழுக்கறீங்க?" என்கிறார் என் மனைவி. தோற்ற ஆட்டத்தை அணைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு நான் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்ப்பவர் அவர்தான். அவர் சொல்வது சரிதானோ? என் கோபத்தைக் குழந்தைக்கும் சேர்த்துக் கொடுக்கிறேனோ?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

தொப்பியை வாங்கிக் கொடுங்கள். அப்பா எதைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ அதைப் பிள்ளைகள் எப்போதோ தங்களுடையதாக்கிக்கொண்டுவிடுவார்கள். உங்கள் மகள் ஏற்கெனவே பைரேட்ஸ் ரசிகைதான். இனி நீங்கள் முடிவெடுக்க எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் மனைவி சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அதற்கு வருகிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சியாட்டில் மரினர்ஸ் ரசிகன். 2001இல் அந்த அணி 116 ஆட்டங்களில் ஜெயித்தது. ஒரு சீசனில் அதற்கு மேல் எந்த அணியும் ஜெயித்ததில்லை. நான் சியாட்டிலுக்குக் குடிவந்தது 2002இல். அதன்பிறகு 2022 வரை ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூடக் கிடையாது. 1977இல் தொடங்கிய அணி இது. லீக்கின் முப்பது அணிகளில், கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்கு ஒருமுறைகூடப் போகாத அணி இது ஒன்றுதான்.

2025 அக்டோபர் 20ஆம் தேதி டொரான்டோவில், அந்த ஊர் அணியோடு ப்ளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதில் நாங்கள் 3-1 என்று முன்னால் இருந்தோம். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் போதும். நான் ஆட்டம் பார்க்கும்போது நோட்டில் ஸ்கோர் எழுதுகிறவன். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்னதாக ஒரு வைர வடிவம். ரன் எடுத்தால் அந்த வைரத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். இரண்டு பேர் பேஸில் நிற்க, டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. 4-3. அந்த ஒரே அடியில் மூன்று வைரங்களை நான் கறுப்பாக்க வேண்டியிருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் நோட்டைத் திறந்து அந்தக் கட்டங்களை நிரப்பினேன்.

என் வலி பெரிது என்று காட்ட இதைச் சொல்லவில்லை. உண்மையில் உங்கள் வலிதான் பெரிது. என் அணி கிட்டே போய்த் தோற்றது. தோற்ற அன்று ஆட்டக்காரர்களும் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் நானும் ஒரே துக்கத்தில் இருந்தோம், அதில் ஒரு ஆறுதல் உண்டு. உங்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. ஜெயிக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் உண்மையிலேயே நினைக்கிறார்களா என்ற சந்தேகத்தோடு 162 ஆட்டங்களையும் பார்க்கிறீர்கள். தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சந்தேகத்தோடு வாழ்வதுதான் ஆளைத் தின்றுவிடும்.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று பேஸ்பாலைத் தொடராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியாக வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பயமே அணியை ஓட வைக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நூறு ஆட்டம் தோற்றாலும் அடுத்த வருடம் அதே முப்பதில் ஒன்றாக வந்து நிற்கலாம். நாடு முழுவதற்குமான டிவி ஒப்பந்தப் பணம் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிகிறது. உள்ளூர் வருமானத்திலும் ஒரு பெரிய பங்கு பொதுவில் போய், அங்கிருந்து சிறிய ஊர் அணிகளுக்கு வருகிறது. அந்தப் பணத்தை ஆட்டக்காரர்கள் மேல் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் இவ்வளவாவது சம்பளத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு கீழ் வரம்பு கிடையாது. அப்புறம், மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்வரிசை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை 106, 107, 111 என்று தோற்று, 2017இல் கோப்பையை வாங்கியது. அதைப் பார்த்த பிறகு தோல்வியே ஒரு திட்டமாகிவிட்டது. அதற்கு ரீபில்ட் என்று நல்ல பெயரும் கிடைத்துவிட்டது. டிராஃப்டில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்ததே இதைத் தடுக்கத்தான்.

எல்லா ரீபில்டும் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். பால்டிமோர் 2018இல் 115 ஆட்டம் தோற்றது, 2023இல் 101 ஜெயித்தது. அந்த ரசிகர்களின் பொறுமைக்கு ஏதோ பலன் கிடைத்தது. ஆனால் பொறுமையாக இரு என்று சொல்பவர் எதுவரை என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? பத்து வருடமாக நாள் குறிக்காமல் உங்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதனால் உங்கள் கோபத்துக்காகக் கூச்சப்படாதீர்கள். 2025 சீசனில் உங்கள் ஊரின் முதல் ஆட்டத்தன்று, அணியை விற்றுவிடச் சொல்லும் பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேல் பறந்தது. அதற்குப் பணம் போட்டவர்கள் அணியை வெறுப்பவர்களாக இருக்க முடியாது. வெறுப்பவன் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான்.

இன்னொன்றும் நடந்தது. உங்கள் மைதானத்தின் வலது பக்கச் சுவரில், பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளமென்டேயின் 21ஆம் எண் இருந்த இடத்தில் ஒரு விளம்பரம் வந்தது. சரியாக 3,000 ஹிட் அடித்தவர் கிளமென்டே. நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போது 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாகத்தான் அந்தச் சுவரையே 21 அடி உயரத்தில் கட்டினார்கள். குடும்பமும் ரசிகர்களும் குரல் கொடுத்த பிறகு எண் மறுபடி ஏறியது. கவனித்தீர்களா, அதைக் காத்தது கோபம்தான். மகளோடு மைதானத்துக்குப் போகும்போது அந்தச் சுவரைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கோபப்பட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஓக்லாந்தில் 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஒன்று செய்தார்கள். ஆளே வராத மைதானத்துக்கு வேண்டுமென்றே 27,759 பேர் வந்தார்கள். அணியை விற்கச் சொல்லும் வாசகம் போட்ட பச்சைச் சட்டையோடு நின்றார்கள். அன்று அணி 2-1 என்று ஜெயிக்கவும் செய்தது. ஆனாலும் அணி ஊரை விட்டுப் போனது. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி ஓக்லாந்தில் அதன் கடைசி ஆட்டமும் நடந்து முடிந்தது. 46,889 பேர் வந்திருந்தார்கள். தரையிலிருந்து ஒரு கை மண்ணை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்களில் உண்டு. அந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து, தோற்கும் அணி ஊரில் இருப்பதே பெரிது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

டிக்கெட் வாங்க மனமில்லாத வருடம் வாங்காதீர்கள். ரேடியோவில் கேளுங்கள். வேறொரு அணிக்கு மாற மட்டும் முயலாதீர்கள், முடியாது என்பதால் சொல்கிறேன். டாட்ஜர்ஸ் அருமையான அணி, உங்கள் நண்பரின் சந்தோஷத்திலும் குறையில்லை. ஆனால் 2013 அக்டோபர் 1 உங்களுடையது. அந்த ராத்திரியை உங்களிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ள முடியாது, அதை டாட்ஜர்ஸுக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

அந்த ஆட்டத்தை நீங்கள் விதி தெரியாமல் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று அறையில் இருந்தவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்று சொல்கிறேன். 1992 ப்ளேஆஃபில் பைரேட்ஸ் அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் 2-0 என்று முன்னால் இருந்தது. ஒரே ஒரு அவுட் மீதி இருக்கும்போது 3-2 என்று தோற்றது. ஜெயித்த ரன்னை எடுக்க ஓடிவந்தவர் சிட் ப்ரீம், முன்பு பைரேட்ஸிலேயே ஆடியவர், வேகமாக ஓடுபவர்கூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அணியின் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ் சான்பிரான்சிஸ்கோ அணிக்குப் போய்விட்டார். 1993 முதல் 2012 வரை இருபது சீசன், ஒன்றில்கூட தோல்வியை விட வெற்றி அதிகமில்லை. ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம் அது.

அப்புறம்தான் அந்த ராத்திரி. மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. எதிரணியான சின்சினாட்டிக்குப் பந்து வீசும் பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்து நாற்பதாயிரம் பேர் சொல்கிறார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் மேட்டில் நிற்கும் அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுகிறது. கூட்டம் இன்னும் பலமாகக் கத்துகிறது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடிக்கிறார். அந்தச் சத்தத்தில் இருபது வருடமும் இருந்தது. அதைத்தான் உங்கள் அறை நண்பர்கள் கத்தினார்கள். நீங்கள் வந்த முதல் வருடத்திலேயே அது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இந்தப் பத்து வருடம் உங்களை இவ்வளவு வாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். ராத்திரி பதினொரு மணி முகத்துக்குத்தான் அவர் பயப்படுகிறார், தொப்பிக்கு அல்ல. ஆட்டத்தைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் அந்த முகமும் மாறும். எனக்கு மாறியது. நான் சீசனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளாகப் பார்க்க ஆரம்பித்தேன். 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அதற்கு மேல் தோற்ற அணி கிடையாது. அந்த அணிகூட 41 நாள் ஜெயித்திருக்கிறது. அந்த 41 நாளில் ஒன்றில் முதல்முறையாக மைதானத்துக்கு வந்த குழந்தைக்கு அது ஜெயிக்கிற அணிதான்.

உங்களிடம் இப்போது பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சர் இருக்கிறார். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன்தான் கொடுத்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாகக் கொடுத்தார்கள். அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றி பத்து, தோல்வியும் பத்து. மே 18 அன்று பிலடெல்ஃபியாவில் ஆட்டம் முழுவதையும் அவரே வீசினார். எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் கொடுத்தார். உங்கள் பேட்டர்கள் ஒன்றுமே எடுக்கவில்லை, 1-0 என்று தோல்வி. அடுத்த முறை வந்தார், அதே மாதிரி வீசினார். ஒன்பது வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஏன் அப்பா அவர் தோற்றார் என்று கேட்பாள். அவர் தோற்கவில்லை, அணி தோற்றது என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் அவ்வளவு இருட்டாக இருக்காது.

2029 சீசன் முடியும்வரை ஸ்கீன்ஸ் மேல் அணிக்கு உரிமை இருக்கிறது. அதற்குள் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கத்தான் செய்யும். அதை அவளிடம் இப்போதே சொல்லாதீர்கள். அப்படி நடந்தால் அன்று இரண்டு பேரும் சேர்ந்து கோபப்படலாம்.

தொப்பியோடு ஒரு ஸ்கோர் நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டிவரும். பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆகும் ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 'கே' எழுத்து, பேட்டைச் சுழற்றாமலே அவுட் ஆனால் அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுத வேண்டும். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். முதலில் ஸ்கீன்ஸ் வீசும் நாட்களுக்கு மட்டும் எழுதட்டும், அவள் பக்கத்தில் 'கே'க்கள் நிறைய விழும். ஏழாவது இன்னிங்ஸில் தூங்கிவிட்டால் மீதியை நீங்கள் நிரப்பி வையுங்கள், காலையில் முதல் வேலையாக அதைத்தான் கேட்பாள். முதல் ஆட்டத்தை அவள் எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.