மார்மன்களும் நம் மௌனமும் — ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் மார்மன், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். காபிகூடக் குடிக்கமாட்டார். மதியச் சாப்பாட்டின்போது "உனக்கு மொத்தம் எத்தனை மனைவி?" என்று அவரைக் கேட்பார்கள். அவர்கள் மதக் கடமையாக அணியும் உள்ளாடையைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். வேறு எந்தச் சமூகத்தைப் பற்றியும் இப்படி ஒரு சொல் சொல்லத் துணியாத ஆட்கள்தான் இவர்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நான் இந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவன். நான் எப்படித் தலையிடுவது? தவிர, பலதாரமணம், கறுப்பினத்தவரை ஒதுக்கியது என்று அந்த மதத்தின் வரலாறும் நல்லதாக இல்லையே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வாயைக் கட்டிப்போடுவது அதுதான் என்று தோன்றுகிறது.

நீங்கள் சொன்னவை உண்மை. பலதாரமணத்தை 1852இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். 1890இல் கைவிடுவதாகச் சொன்னார்கள். கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டது. 1857இல் யூட்டாவின் மௌண்டன் மெடோஸ் என்ற இடத்தில் மார்மன் படையினர் சுமார் 120 குடியேறிகளைக் கொன்றார்கள். இதையெல்லாம் கடுமையாகவே விமர்சிக்கலாம். மார்மன் வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் சாப்பாட்டு மேசையில் நடப்பது விமர்சனமா? இன்று இரண்டாவது மனைவி வைத்திருப்பவரை அந்தச் சபையே விலக்கிவிடுகிறது. கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை. அவர் நெளிவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

'நான் வெளியாள்' என்கிறீர்கள். ஒரு வெளியாளின் கதையைச் சொல்கிறேன். 1838இல் மிசௌரி மாநிலத்தில் மார்மன்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது. கூட்டமாக வந்து நிலம் வாங்குகிறார்கள், கூட்டமாக ஓட்டுப் போடுகிறார்கள் என்ற அச்சம்தான் அடியில் இருந்தது. ஆயுதம் இரு தரப்பிலும் இருந்தது. அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் அல்லது அழித்தொழிக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவன் பத்து வயதுச் சிறுவன். அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976இல்தான்.

நவம்பர் தொடக்கத்தில் மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் தோழர்களும் மாநிலப் படையிடம் பிடிபட்டார்கள். காலையில் நகரச் சதுக்கத்தில் வைத்துச் சுட்டுவிடும்படி அந்தப் படையின் ஜெனரல் லூகஸ் தனக்குக் கீழிருந்த அலெக்சாண்டர் டோனிஃபனுக்கு உத்தரவிட்டார். டோனிஃபன் தொழிலால் வக்கீல், மார்மன்களுக்காக வழக்காடியவர். ஆனால் அந்த மதத்தில் அவர் சேர்ந்ததே இல்லை. இது பச்சைப் படுகொலை, உத்தரவுக்குக் கீழ்ப்படிய மாட்டேன், விடிந்ததும் என் படையோடு கிளம்பிவிடுவேன், இவர்களைக் கொன்றால் உங்களை நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்று பதில் அனுப்பினார். மேலதிகாரி பின்வாங்கினார். யாரும் சுடப்படவில்லை.

அதே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மார்மன் அகதிகள் ஆற்றைக் கடந்து இல்லினாயின் குவின்சி ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். 1839 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். உணவு, வேலை, இருப்பிடம் தேடித் தருவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. இந்த மக்களோடு பழகும்போது அவர்கள் மனம் புண்படும் பேச்சு எதுவும் எழக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பசியோடு வந்தவனுக்குச் சொல்லும் காயமாகும் என்று அந்தச் சிறிய ஊருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மிகப் பிடித்த வரலாற்றுத் தருணங்களில் இது ஒன்று.

காலம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதிபர் தேர்தலில் மார்மனுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்றவர்கள் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 1967இல் 17 சதவீதம். மார்மனான மிட் ராம்னி அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2012இல் 18 சதவீதம். 2025 செப்டம்பரில் மிச்சிகனில் மார்மன்களின் ஞாயிறு வழிபாட்டுக்குள் வண்டியை ஓட்டிச் சென்று சுட்டு, ஆலயத்துக்கும் தீவைத்தான் ஒருவன். நான்கு பேர் இறந்தார்கள். உங்கள் சகாக்கள் அவனைப் போன்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் அலுவலகம் வந்த உங்கள் நண்பர் அந்தக் கேலிக்கும் சிரித்துவைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். மனம் கொதிக்கிறது.

அவரே பேசினால் 'இதைக்கூடத் தாங்கமாட்டாயா' என்பார்கள். நீங்கள் பேசினால் அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் அந்த மதத்தவர் அல்ல. உங்கள் சொல்லுக்குக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. விசாவில் இருப்பவரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் உரை நிகழ்த்தச் சொல்லவில்லை. "இதை விடுங்களேன், நன்றாக இல்லை" என்று அந்த மேசையிலேயே, அவர் காதுபடச் சொல்லுங்கள். பிறகு தனியே போய் ஆறுதல் சொல்வது அதற்கு ஈடாகாது. நிர்வாகத்திடம் புகார் கொடுப்பதென்றால் மட்டும் முதலில் அவரைக் கேளுங்கள். அந்த முடிவு அவருடையது.