மின் தொகுப்பேடு: மென்பொருளை மாற்றுவதற்கு முன்

வணக்கம். மாலை வகுப்பில் தையல் படிக்கும் பெரியவர்களுக்கு தங்கள் வேலைகளைச் சேர்த்து வைத்துக் காட்டும் மின் தொகுப்பேட்டு மென்பொருளான மஹாராவில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தும் பாதிப் பேரின் பக்கம் காலியாகவே கிடக்கிறது, வேறு மென்பொருளுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கேயும் இதே காலிப் பக்கம்தான் வரும்.

"கற்றதைப் பற்றி எழுதுங்கள்" என்றால், பள்ளியை விட்டுப் பல வருடமானவர்களுக்குப் பரீட்சை பயம்தான் வரும். எழுதச் சொல்லாதீர்கள். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அன்று தைத்ததைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலர் சுருங்கிப் போயிருந்தால் அதையும் எடுக்கட்டும். ஏன் சுருங்கியது, அடுத்த முறை எப்படித் தைப்பேன் என்று அரை நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். மதிப்பீட்டுக்கு வெறும் படத்தைவிட அந்தப் பேச்சுதான் நல்ல சான்று. அதற்கு நீங்கள் அடுத்த வகுப்புக்குள் ஒரு வரியாவது பதில் போட்டுவிடுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று தோன்றினால் இரண்டாவது பதிவு வராது.

அப்புறம், கூச்சம். மஹாராவில் உருவாக்கியவர் அனுமதி கொடுக்கும்வரை சக மாணவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. இதைத் திரையில் செய்து காட்டுங்கள். வேலை தருபவருக்கு மட்டும் காட்ட ரகசிய இணைப்பு கொடுக்கலாம், அதற்கு முடிவுத் தேதியும் வைக்கலாம்.

படிப்பு முடிந்ததும் கணக்குகள் மூடப்படுமா என்று உங்கள் நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள். மூடுவார்கள் என்றால், கடைசி வகுப்பில் எல்லாரும் தங்கள் தொகுப்பை உலாவியில் திறந்து பார்க்கக்கூடிய ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.