ஆய்வேடு முதல் ஆபீஸ் மெயில் வரை: கேள்வி பதில்

மற்றவர்கள் எழுதியதைப் படித்து, இது போகிற இடத்தில் எடுபடுமா என்று சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. பாதி நேரம் ஆய்வு மாணவர்களின் வரைவுகள், மீதி நேரம் நிறுவன அறிக்கைகள். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். சந்திப்பிழை என் பிரிவு இல்லை, அதற்கு வேறு ஆள் பாருங்கள். இன்னொன்று: "இது சரியா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். யார் படிக்கப் போகிறார்கள், படித்துவிட்டு அவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): பள்ளிக்காலம் முதல் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். ஆய்வேட்டின் முன்னுரையைக் கைடிடம் கொடுத்தேன். "கட்டுரை மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எப்படி இருக்கவேண்டும், மேடம்?

பதில்: அவர் சொன்னது சரி, பாதியில் நிறுத்திவிட்டார். போட்டிக் கட்டுரையைப் படிப்பவர் நடுவர். உங்களுக்கு எழுத வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆய்வேட்டைப் படிப்பவருக்கு அந்த அக்கறையே கிடையாது. இத்தனை பேர் ஏற்கெனவே எழுதிய விஷயத்தில் இவர் எதற்குப் புதிதாக வருகிறார் என்பதுதான் அவருடைய கேள்வி. முன்னுரை அதற்கான பதில்.

ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1981இல் பல துறைகளின் 48 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் முன்னுரைகளை மட்டும் பிரித்துப் பார்த்தார். 1990இல் தான் கண்டதை மூன்று நகர்வுகளாகச் சுருக்கினார். முதலில் களத்தைக் காட்டுவது: இந்த விஷயம் முக்கியம், இன்னின்னார் இதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்தது இடைவெளி: ஆனால் இந்த மூலையை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர்களின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது அந்த இடத்தில் போய் உட்காருவது: இந்த ஆய்வு அதைச் செய்கிறது. கூட்டமான பேருந்தில் காலி சீட்டைப் பார்த்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறோமே, அதேதான். கேட்காமல் உட்கார்ந்தால் சண்டை வரும். இடமே இல்லாத சீட்டில் உட்காரவும் முடியாது.

உங்கள் முன்னுரை "ஆதிகாலம் தொட்டே மனிதன்" என்ற ரீதியில் ஆரம்பிக்கிறதோ? அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். ஆதிகால மனிதனோடு உங்கள் மதிப்பீட்டாளருக்கு எந்தத் தகராறும் இல்லை.

இது வெளியிலிருந்து வந்த வழக்கம் என்றும் நினைக்கவேண்டாம். சிறப்புப் பாயிரத்தில், அதாவது ஒரு நூலுக்கு முன்னுரையாக வருவதில், இருக்கவேண்டியவை என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது. அவற்றில் வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் எல்லாம் உண்டு. யார் வழியில் வருகிறாய், யார் கேட்கப்போகிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கும்? உங்கள் கைடு கேட்பதும் இவைதான்.

செய்யவேண்டியது: உங்கள் துறையின் நல்ல இதழிலிருந்து ஐந்து கட்டுரைகள், ஒரு பென்சில். முன்னுரையில் "ஆனால்", "எனினும்" வருகிற இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். இரண்டாவது நகர்வு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி (முதுகலை மாணவர்): நல்ல ஆய்வறிக்கை டெம்ப்ளேட் ஒன்று அனுப்ப முடியுமா?

பதில்: மாட்டேன். ஐந்து கட்டுரை, ஒரு பென்சில்.

கேள்வி (பொறியாளர்): ஓர் இயந்திரப் பகுதி தேய்கிறது, மாற்றவேண்டும் என்று மேலாளருக்கு நான்கு பக்கம் எழுதினேன். அளவீடுகள், வரைபடங்கள் எல்லாம் வைத்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். "பார்க்கலாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. என் எழுத்தில் என்ன குறை?

பதில்: குறை தெளிவில் இல்லாமலும் இருக்கலாம். சேலஞ்சர் விண்கலத்தின் கதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் படிக்கப்படுவது அதனால்தான். ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது பற்றி ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலை 31 அன்று தன் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். மழுப்பவில்லை. உயிரிழப்பு வரை போகும் என்று நேராகவே எழுதினார். 1986 ஜனவரி 28 அன்று விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ஏவுவதற்கு முந்தின இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்திலும் பொறியாளர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். மேலாளர்கள் அதைத் தாண்டி முடிவெடுத்தார்கள்.

எழுத்துப் பாடமாக எனக்கு இதில் முக்கியமானது ஒன்று. அரிப்பு என்ற அதே தகவலைப் பொறியாளர்கள் "இது அரிக்கப்படவே கூடாத பொருள்" என்று படித்தார்கள். மேலாளர்கள் "அரித்தும் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது" என்று படித்தார்கள். ஒரு தரப்புக்கு எச்சரிக்கையாக இருந்தது மறுதரப்புக்கு ஆறுதல். தகவலை வைத்துவிட்டால் அதுவே பேசிவிடும் என்று நினைப்பது பொறியாளர்களின் பழக்கம். அது படிப்பவரின் மொழியில்தான் பேசும்.

உங்கள் நான்கு பக்கம் அப்படியே இருக்கட்டும், பின்னிணைப்பாக. முன்னால் அரைப் பக்கம் வையுங்கள். முதல் வரியில் எந்தத் தேதிக்குள் என்ன முடிவு வேண்டும். இரண்டாவது வரியில் முடிவெடுக்காவிட்டால் எது நிற்கும், எத்தனை நாள் நிற்கும். "இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று அவர் நினைப்பதை நீங்களே எழுதி, அது ஏன் ஆறுதல் இல்லை என்பதை மூன்றாவது வரியில் சொல்லுங்கள். இதற்கு மேலும் அவர் "பார்க்கலாம்" என்றால் அது எழுத்தால் தீருகிற விஷயம் இல்லை.

கேள்வி (சமூகவியல் மாணவர்): ஆய்வேட்டில் "நான்" என்று எழுதக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: துறையைப் பொறுத்தது. உலகின் பழைய அறிவியல் இதழ்களில் ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கியது. அதில் வந்தவற்றில் பல, கடிதங்கள். ஒளியும் நிறமும் பற்றி 1672இல் நியூட்டன் அதில் எழுதியது, "நான் ஒரு பட்டகம் வாங்கினேன், அறையை இருட்டாக்கினேன்" என்று கதை சொல்வது போலத்தான் போகும். "நான்" மறைந்ததெல்லாம் பிற்பாடு. இன்றும் தத்துவத்திலும் சமூகவியலிலும் ஆசிரியர் தாராளமாகத் தலைகாட்டுவார், இயந்திரப் பொறியியலில் ஒளிந்துகொள்வார். கென் ஹைலண்ட் என்ற மொழியியலாளர் எட்டுத் துறைகளின் 240 கட்டுரைகளை எடுத்து இதை எண்ணியே பார்த்திருக்கிறார். உங்கள் துறையில் எழுதலாம். கைடு கூடாது என்றால் அவரோடு மல்லுக்கு நிற்கவேண்டாம், பட்டம் முக்கியம்.

கேள்வி (பொறியியல் பேராசிரியர்): கேள்வி இல்லை, ஆட்சேபம். இருபது ஆண்டுகளாகக் கட்டுரைகளை மதிப்பிடுகிறேன். யார் செய்தாலும் ஒரே முடிவு வரவேண்டும், அதுதான் அறிவியல். அங்கே "நான்" வந்தால் அது அகந்தை. மாணவர்களைக் கெடுக்காதீர்கள்.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன், ஐயா. "கலவை 80 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டது." அடுப்பைப் பற்றவைத்தது யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. செய்முறைப் பகுதியில் செயப்பாட்டுவினை நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதே கட்டுரையின் விவாதப் பகுதியில் "இக்கருத்து ஏற்புடையதன்று எனக் கருதப்படுகிறது" என்று வருகிறதே, கருதுவது யார்? துறையா, நீங்களா? கலவையைச் சூடாக்க ஆள் வேண்டாம், கருத்துக்கு ஆள் வேண்டும். மூன்று முடிவுகளை விட்டுவிட்டு நான்காவதைத் தேர்ந்தெடுத்தவர் தன்னை மறைத்துக்கொண்டால் அதை அடக்கம் என்று என்னால் சொல்லமுடியவில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி (தமிழிலக்கிய ஆய்வாளர்): பேராசிரியர் பக்கம் ஒரு சான்று. தொல்காப்பியர் எங்கும் "நான் சொல்கிறேன்" என்பதில்லை. "என்ப", "என்மனார் புலவர்", அதாவது "என்பார்கள்", "என்பார்கள் புலவர்கள்" என்றே போவார். தன்னை மறைப்பதுதானே நம் மரபு?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கிறது. முதல் நூற்பாவிலேயே "முப்பஃது என்ப" என்று வருகிறது. ஆனால் கவனியுங்கள், அது "எனப்படுகிறது" இல்லை. "என்மனார் புலவர்": அங்கே சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் இல்லாத மேற்கோள் என்பேன் அதை. இது நான் மட்டும் சொல்வது இல்லை, இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது என்று கூட்டத்தைத் துணைக்கு அழைப்பது. அடிக்குறிப்பு செய்கிற வேலையும் அதே.

அதோடு, நூலாசிரியர் கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளாக நன்னூல் ஏழு மதங்களைச் சொல்கிறது. உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் "தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு" என்றும் ஒன்று உண்டு. தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது. ஆக, தன்னை முன்னிறுத்தவும் மரபில் இடம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல். அங்கே ஆசிரியர் நழுவிக்கொள்ளலாம். தமிழில் முடியாது. "நாங்கள் அளந்தோம்" என்றால் படிப்பவர் வெளியே நிற்கிறார். "நாம் முன்பே பார்த்தோம்" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம். ஒரே ஆள் எழுதிய ஆய்வேட்டில் "நாம் இம்முடிவுக்கு வருகிறோம்" என்று படித்தால் எனக்கு உடனே கை உதறவேண்டும் போல இருக்கும். நான் எப்போது வந்தேன்?

கேள்வி (மேலாண்மை மாணவி): "நான்" என்று எழுதலாமா, கூடாதா?

பதில்: மேலே மூன்று பதில்கள் இருக்கின்றன.

கேள்வி (உயிரியல் மாணவர்): "நிரூபிக்கிறது" என்று எழுதியதை எல்லாம் கைடு "சுட்டுவதாகத் தோன்றுகிறது" என்று மாற்றுகிறார். எழுத்தில் தன்னம்பிக்கையே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: தன்னம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பாரம் ஏற்றுவது, அவ்வளவுதான். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ அமைப்பை அறிவித்த கட்டுரை ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்றுதான் தொடங்குவார்கள். மரபுப் பொருள் தன்னைத்தானே நகலெடுப்பதற்கான ஒரு வழி இதில் தெரிகிறது என்பது எங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்று கடைசிப் பக்கம் ஒரே ஒரு வாக்கியம். உயிரியலையே புரட்டிப்போட்ட விஷயத்துக்கு அவ்வளவுதான் குரல். சரி, இப்போது எதிர்ப்பக்கம்: வரிக்கு வரி "எனலாம்" போட்டாலும் கெட்டுவிடும். அளந்த எண்ணுக்கு "எனலாம்" வேண்டாம். அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் விளக்கத்துக்கு வேண்டும்.

கேள்வி (செவிலியர்): பணி மாறும்போது நோயாளி நிலையை எழுதிக் கொடுக்கிறோம். கதை போல நீள்கிறது என்கிறார்கள்.

பதில்: நிலவரம், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படி முறை மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த பழக்கம் அது. இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்யவேண்டும். நான்காவதைத்தான் நிறையப் பேர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள். உங்கள் பிரிவில் எந்த முறை நடப்பில் இருக்கிறது என்று மூத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (நூலகவியல் மாணவி): மேற்கோள் காட்ட ஏன் இத்தனை பாணிகள்? ஒன்றே போதாதா?

பதில்: ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு கவலை. இலக்கியத்தில் சரியான வாசகம்தான் உயிர், அதனால் பெயருக்குப் பக்கத்தில் பக்க எண். உளவியலில் எவ்வளவு புதியது என்பது முக்கியம், அதனால் ஆண்டு. அந்தப் பாணி 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் பிறந்தது, இன்று தடிமனான கையேடு. மருத்துவத்தில் பெயர்கள் இடையில் புகுந்தால் படிப்பு தடைப்படும், அதனால் வெறும் எண். மேற்கோளுக்கு முன் வரும் வினைச்சொல்கூட மாறும்: உயிரியலாளர் "கண்டறிந்தார்", தத்துவவாதி "வாதிட்டார்". தத்துவத்தில் யாரும் எதையும் "கண்டறிவது" அரிது.

கேள்வி: முன்னுரை எத்தனை பக்கம் இருக்கவேண்டும்?

பதில்: ஐந்து கட்டுரை, ஒரு பென்சில். எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வேலைக்கான டெம்ப்ளேட் ஏதாவது...

பதில்: அடுத்து.

கேள்வி (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்): எங்கள் அலுவலகத்தில் எழுத யாரும் சொல்லித்தருவதில்லை. பெரிய அறிக்கை எழுதத் தந்தால் கை நடுங்குகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: கடைசியிலிருந்து. லேவ், வெங்கர் என்ற இருவர் தொழில் பழகுதல் பற்றி 1991இல் எழுதியதில் லைபீரியாவின் தையற்காரர்கள் வருகிறார்கள். அங்கே பழகவரும் பையனுக்கு முதலில் துணி வெட்டக் கொடுப்பதில்லை. பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற கடைசி வேலைகள் முதலில். அப்புறம் தையல். வெட்டுவது கடைசியில். பட்டன் தைத்துத் தைத்தே முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், துணியும் வீணாகாது.

நீங்களும் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை, உடனே கொடுத்துவிடுவார்கள். யார் சொன்னது பதிவாகிறது, யார் சொன்னது விடுபடுகிறது, "ஆராயப்படும்" என்றால் உங்கள் அலுவலகத்தில் நிஜமாக என்ன அர்த்தம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பிறகு அடுத்தவர் அறிக்கைக்குச் சுருக்கம் எழுதுங்கள். பெரிய அறிக்கைக்கு ஆறு மாதம் கழித்து வரலாம்.

கேள்வி (பொறியியல் பேராசிரியர், மறுபடியும்): என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "நாங்கள்" என்று மூன்று இடத்தில் இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

பதில்: எந்தெந்த இடம் என்று சொல்லுங்கள், ஐயா. ஒன்று முன்னுரையின் கடைசிப் பத்தியில் இருக்கும் என்பது என் ஊகம்.