ஒரே டைரக்டரி, மூன்று நோடு: டெண்ட்ரி கேஷை நிறுத்தினால் சரியாகுமா?

வாசகர் கேள்வி இது: மூன்று லினக்ஸ் சர்வர்கள், நடுவில் ஒரு பொது ஸ்டோரேஜ், அதன் மேல் ஓசிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் ஒரே டிஸ்கை ஒரே நேரத்தில் பயன்படுத்த உதவும் ஃபைல் சிஸ்டம்). பயனர்கள் ஏற்றும் ஃபைல்கள் எல்லாம் ஒரே டைரக்டரியில் விழுகின்றன. இப்போது சுமார் 6 லட்சம். அந்த டைரக்டரியில் 'எல்எஸ் -எல்' போட்டால் நிமிடக்கணக்கில் பதில் இல்லை. பழைய ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு நோடில், அதாவது ஒரு சர்வரில், ஓட ஆரம்பித்ததும் மற்ற இரண்டிலும் லோட் ஏறுகிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது. முன்பு நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்ஸில் இருந்தபோது அழித்த ஃபைல் மறுபக்கம் கொஞ்ச நேரம் தெரியும், அந்தத் தொல்லை இப்போது இல்லை. டெண்ட்ரி கேஷை நிறுத்த ஏதாவது வழி உண்டா? மணிக்கொரு முறை 'டிராப் கேஷஸ்' (கெர்னலின் கேஷைக் காலி செய்யும் கட்டளை) போடச் சொல்லி ஒரு நண்பர் யோசனை தருகிறார், போடலாமா? ஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகும் டிஸ்கில் இடம் காலியாகவில்லை.

முதலில் நண்பரின் யோசனையைத் தள்ளி வையுங்கள். ஏன் என்று சொல்வதற்குள் டெண்ட்ரி என்றால் இங்கே என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு பாதையைத் திறக்கும்போது கெர்னல் அதைத் துண்டு துண்டாகத் தேடுகிறது. 'இந்த டைரக்டரியில் இந்தப் பெயர், இந்த ஐநோடு' என்று ஒருமுறை கண்டுபிடித்ததை மெமரியில் குறித்து வைத்துக்கொள்கிறது. (ஐநோடு என்பது ஃபைலின் விவரங்கள் இருக்கும் பதிவு.) அந்தக் குறிப்புதான் டெண்ட்ரி. 'இந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்பதையும் குறித்து வைக்கும். அது நெகட்டிவ் டெண்ட்ரி. ஒற்றை மெஷினில் இதில் சிக்கலே கிடையாது, அழிப்பதும் உருவாக்குவதும் அதே கெர்னல்தானே. மூன்று மெஷின் ஒரே டிஸ்கைப் பிடித்திருக்கும்போது, பக்கத்து நோடு அழித்தது இந்த நோடின் குறிப்புக்கு எப்படித் தெரியும்?

என்எஃப்எஸ் இதைக் கடிகாரத்தை வைத்துச் சமாளிக்கிறது. லினக்ஸ் கிளையண்ட் ஒரு டைரக்டரியின் விவரத்தை இயல்பாக 30 முதல் 60 செகண்ட் வரை மறுபடி கேட்காமல் நம்பும். நீங்கள் பார்த்த 'அழித்தும் தெரிகிறது' அங்கிருந்து வந்தது. ஓசிஎஃப்எஸ்2 கடிகாரத்தை நம்புவதில்லை. ஒவ்வொரு டெண்ட்ரிக்கும் கிளஸ்டர் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரு லாக் வைத்திருக்கிறது. லாக்கின் பெயரிலேயே தாய் டைரக்டரியின் பிளாக் எண்ணும் ஃபைலின் ஐநோடு எண்ணும் இருக்கும். முதல் எழுத்து 'என்'. ஒரு நோடு அந்தப் பெயரைக் கேஷில் வைத்திருக்கும் வரை இந்த லாக்கைப் பகிர்வு நிலையில் பிடித்திருக்கும். எத்தனை நோடு வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் அப்படிப் பிடித்திருக்கலாம்.

இப்போது முதல் நோடு ஒரு ஃபைலை அழிக்கிறது என்று வையுங்கள். அதே டெண்ட்ரி லாக்கை அது எக்ஸ்க்ளூசிவாக, அதாவது வேறு யாரும் பிடிக்காதபடி தனக்கு மட்டும், கேட்கும். லாக் மேலாளர் மற்ற இரண்டு நோடுகளுக்கும் 'உன் பிடி இன்னொருவருக்கு இடைஞ்சல்' என்று செய்தி அனுப்பும். அங்கே இதற்கென்றே ஒரு கெர்னல் த்ரெட் உண்டு. அது எழுந்து, அந்தப் பெயரைக் கேஷிலிருந்து கழற்றிவிட்டு, லாக்கை விட்டுக்கொடுக்கும். இரண்டும் விட்ட பிறகுதான் முதல் நோடின் அழிப்பு முன்னேறும். பழைய குறிப்பு எங்கேயும் மிச்சமிருக்காது. உங்களுக்கு இப்போது கிடைக்கும் நிம்மதிக்கு விலை இதுதான்.

ஆக, டெண்ட்ரி கேஷ் என்பது இங்கே தனி விஷயம் அல்ல, லாக்கின் மறுபக்கம். நிறுத்துவதற்கு மவுண்ட் ஆப்ஷன் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் அதைப் போட்டால் உங்களுக்கு நஷ்டம்தான். லாக்கோடு இருக்கும் டெண்ட்ரியை ஒரு நோடு மறுபடி பார்க்கும்போது அந்த டெண்ட்ரிக்காக நெட்வொர்க் பக்கம் போவதில்லை. உங்கள் அமைப்பில் இலவசமாகக் கிடைக்கும் வேகம் அது ஒன்றுதான். 'டிராப் கேஷஸ்' போட்டால் லட்சக்கணக்கான லாக்கை ஒரே மூச்சில் விட்டுவிட்டு, அடுத்த நிமிடமே ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்க ஆரம்பிப்பீர்கள்.

அந்த யோசனைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு நோடு பேக்கப் எடுப்பதற்காக டைரக்டரி மரம் முழுக்க நடந்திருந்தால், இனி அது தொடவே போகாத 6 லட்சம் பெயர்களின் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்ற நோடு எதை அழித்தாலும் இதைத் தட்டிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நோடில் மட்டும், பேக்கப் முடிந்த கையோடு ஒரு முறை டெண்ட்ரி, ஐநோடு கேஷைக் காலி செய்வதில் அர்த்தம் இருக்கிறது. நான் கவனித்த ஒரு கிளஸ்டரில் பேக்கப்பே கிடையாது, ஆனாலும் தினமும் விடியற்காலையில் இதே கூத்து. கடைசியில் பார்த்தால் 'லொகேட்' கட்டளைக்கான பட்டியலைத் தயாரிக்கும் தினசரி வேலை எல்லா நோடிலும் ஒரே நேரத்தில் அந்த மரத்தை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து உங்கள் மவுண்டை இன்றைக்கே விலக்கிவிடுங்கள்.

சரி, உங்கள் உண்மையான வலிக்கு வருவோம். அது டெண்ட்ரி லாக்கில் இல்லை, டைரக்டரியின் லாக்கில் இருக்கிறது.

டைரக்டரியும் ஒரு ஐநோடுதான். அதற்கும் 'எம்' என்று தொடங்கும் மெட்டாடேட்டா லாக் (ஐநோடின் விவரங்களைக் காக்கும் லாக்) ஒன்று உண்டு, ஒன்றே ஒன்று. உள்ளே 6 ஃபைல் இருந்தாலும் 6 லட்சம் இருந்தாலும் அதே ஒன்று. கேஷில் இல்லாத பெயரைத் தேட அதைப் பகிர்வு நிலையில் பிடித்தால் போதும். ஃபைலை உருவாக்கவோ அழிக்கவோ அது எக்ஸ்க்ளூசிவாக வேண்டும். அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு நோடில் அதை எக்ஸ்க்ளூசிவாக வைத்திருக்கிறது. இன்னொரு நோடில் ஒரு புது அப்லோட் வருகிறது, அதுவும் எக்ஸ்க்ளூசிவ் கேட்கிறது. முதல் நோடு சும்மா கொடுத்துவிட முடியாது. தன் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவில்) இருக்கும் அந்த டைரக்டரியின் மாற்றங்களை டிஸ்கில் அதன் நிஜ இடத்துக்கு எழுதி முடித்த பிறகுதான் கைமாற்றலாம். வாங்கிய நோடு டைரக்டரியின் பிளாக்குகளை டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கும். ஒரே ஒரு பெயரைச் சேர்க்கும். அதற்குள் ஸ்கிரிப்ட் அடுத்த ஃபைலுக்காகத் திரும்பக் கேட்கும். மறுபடி எழுது, மறுபடி அனுப்பு, மறுபடி படி. பந்து மாதிரி லாக் இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருக்கும். காத்திருக்கும் ப்ராசஸ் எல்லாம் 'டி' நிலையில், அதாவது இடையில் நிறுத்த முடியாத காத்திருப்பில், நிற்கும். லினக்ஸ் அதையும் லோடில் எண்ணிவிடும். சிபியு சும்மா இருக்க லோட் ஏறுவது இதனால்தான்.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் பார்த்துவிடுங்கள். பிரச்சினை நடக்கும் நேரத்தில், மூன்று நோடிலும், டீபக்எஃப்எஸ்.ஓசிஎஃப்எஸ்2 என்ற கருவியில் 'எஃப்எஸ்_லாக்ஸ்' கட்டளையைப் பெரிய எழுத்து 'பி' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிஸியாக இருக்கும் லாக்குகள் மட்டும் வரும். ஒவ்வொன்றுக்கும் இப்போது எந்த நிலை, எந்த நிலையைக் கேட்டு நிற்கிறது என்று இருக்கும். 'எம்' என்று ஆரம்பிக்கும் ஒரே பெயர் மூன்று நோடிலும் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் குற்றவாளி. அதே கருவியில் 'ஃபைண்ட்பாத்' கட்டளைக்கு அந்த லாக்கின் பெயரைக் கோண அடைப்புக்குள் கொடுத்தால் எந்தப் பாதை என்று சொல்லிவிடும். உங்கள் அப்லோட் டைரக்டரியின் பெயர் வரும் என்பது என் கணிப்பு. வேறு எது வந்தாலும் கீழே சொல்வதை அப்படியே செய்யாமல், வந்த பாதையில் யார் யார் எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

'எல்எஸ் -எல்' தாமதம் கொஞ்சம் வேறு கதை. பெயர்களை மட்டும் படிப்பது மலிவு. 'எல்' போட்டதும் ஒவ்வொரு ஃபைலின் ஐநோடையும் பார்க்க வேண்டும். ஐநோடு புதிதாக மெமரிக்கு வரும்போது மெட்டாடேட்டா லாக், ஓபன் லாக், டெண்ட்ரி லாக் என மூன்று வேண்டும். 6 லட்சம் ஃபைலுக்கு 18 லட்சம் லாக். ஒன்றுக்குச் சராசரியாக அரை மில்லிசெகண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 900 செகண்ட், அதாவது 15 நிமிடம். டிஸ்கில் ஐநோடுகளைப் படிக்கும் நேரம் தனி. நிறம் காட்டுவதற்காகப் பல சிஸ்டங்களில் வெறும் 'எல்எஸ்' கூட இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். எத்தனை ஃபைல் என்று தெரிந்தால் போதும் என்றால், வரிசைப்படுத்தாமல் பெயரை மட்டும் தரும் சிறிய எழுத்து 'எஃப்' ஆப்ஷனோடு, நிறம் இல்லாமல் ஓட்டுங்கள். அப்புறம், அந்த வால்யூமில் இண்டெக்ஸ்ட் டைரக்டரி வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். 2009இல் கெர்னல் 2.6.30இல் வந்தது அது. இல்லாவிட்டால் ஒவ்வொரு பெயரையும் டைரக்டரியின் பிளாக்குகளில் ஒவ்வொன்றாக வரிசையாகத்தான் தேடும்.

மருந்து எளிது, ஆனால் அப்ளிகேஷனைத் தொட வேண்டியிருக்கும். ஒரு டைரக்டரிக்குள் ஒரு நோடு மட்டுமே எழுதட்டும். நோடு1, நோடு2, நோடு3 என்று மூன்று டைரக்டரி, ஒவ்வொன்றுக்குள்ளும் தேதிவாரியாக ஒன்று. எந்தப் பாதையில் விழுந்தது என்பதை டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பது எந்த நோடிலிருந்தும் நடக்கலாம். தேதி எதற்கு என்றால், மற்ற நோடு ஒரு புதுப் பெயரைத் தேடும்போது டைரக்டரி லாக்கைப் பகிர்வு நிலையில் கேட்கும், எழுதும் நோடு அதற்காக இறங்கி வர வேண்டும். இன்றைய டைரக்டரியில் அந்த உரசல் கொஞ்சம் இருக்கும். நேற்றையதில் யாரும் எழுதுவதில்லை என்பதால் மூன்று நோடும் பகிர்வு லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கும். பெயரின் ஹாஷ் எழுத்துகளை வைத்து 256 துணை டைரக்டரியாகப் பிரிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு டைரக்டரியும் சிறிதாகும், மோதல் பரவலாகும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா நோடும் எல்லா டைரக்டரியிலும் எழுதுவது தொடரும் என்பதால், பாதையை டேட்டாபேஸில் வைக்கவே முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் அதற்குப் போவேன்.

தன் டைரக்டரியில் எழுதிவிட்டு பொது டைரக்டரிக்கு ரீநேம் செய்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ரீநேமுக்கு இரண்டு டைரக்டரியின் லாக்கும் எக்ஸ்க்ளூசிவாக வேண்டும், ஆகவே பந்தாட்டம் பொது டைரக்டரியில் அப்படியே தொடரும். டைரக்டரியையே ஓரிடத்திலிருந்து வேறு தாய் டைரக்டரிக்கு நகர்த்துவது இன்னும் மோசம். அதற்கு ஃபைல் சிஸ்டம் முழுமைக்கும் ஒரே ஒரு ரீநேம் லாக்தான் இருக்கிறது.

அழிப்பதையும் எழுதிய நோடிடமே விடுங்கள். டைரக்டரி லாக் அங்கேயே இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாக யாரும் பேசாதது: ஓசிஎஃப்எஸ்2இல் ஒவ்வொரு நோடுக்கும் ஐநோடு ஒதுக்கும் பகுதி தனித்தனி. ஒரு ஃபைலை யார் அழித்தாலும் அதன் ஐநோடு, உருவாக்கிய நோடு எந்த ஸ்லாட்டில் (மவுண்ட் செய்யும்போது நோடுக்குக் கிடைக்கும் இட எண்) இருந்ததோ அதன் பகுதிக்கே திரும்பிப் போகும். இரண்டாம் நோடு உருவாக்கியதை முதல் நோடு அழித்தால், இரண்டாம் நோடு அப்லோடுக்குப் பயன்படுத்தும் அதே ஒதுக்கீட்டுப் பகுதியின் லாக்கையும் பிடுங்கும். டைரக்டரியைப் பிரித்த பிறகும் அழிப்பு ஒரே நோடில் ஓடினால் லோட் முழுசாக இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். ரீபூட்டுக்குப் பிறகு நோடுகளின் ஸ்லாட் எண் மாறாமல் இருந்தால்தான் இந்தப் பலன் நிலைக்கும்.

அப்ளிகேஷனை மாற்ற நாளாகும் என்றால், அதுவரை மூன்று நோடிலும் 'நோஏடைம்' போட்டு மவுண்ட் செய்யுங்கள். டைரக்டரியைப் பட்டியலிடப் பகிர்வு லாக் போதும் என்றாலும், கடைசியாகப் படித்த நேரத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தால் அதே வேலை எக்ஸ்க்ளூசிவ் லாக்காக மாறிவிடும். ஃபைலைப் படிப்பதற்கும் இதே கதிதான். ஒரு ஃபைல் வந்துவிட்டதா என்று செகண்டுக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதையும் அந்த டைரக்டரியிலிருந்து வெளியே எடுங்கள். நெகட்டிவ் டெண்ட்ரிக்கு எனத் தனி லாக் கிடையாது. டைரக்டரி லாக்கை அந்த நோடு எப்போதெல்லாம் விட்டுக்கொடுக்கிறதோ, ஒரு எண் கூடும். எண் மாறியிருந்தால் 'இல்லை' என்ற பழைய குறிப்பு செல்லாது, மறுபடி லாக் வாங்கித் தேட வேண்டும். பரபரப்பான டைரக்டரியில் ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் எழுதுபவரை நிறுத்தி வைக்கும்.

ஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகும் டிஸ்கில் இடம் காலியாகாமல் இருப்பதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெயர் எல்லா நோடிலும் போய்விட்டாலும், ஏதாவது ஒரு நோடில் அந்த ஃபைல் திறந்திருந்தால் அதன் ஓபன் லாக் பகிர்வு நிலையில் அங்கே பிடிபட்டிருக்கும். ஐநோடு ஆர்ஃபன் டைரக்டரியில் (பெயர் போன, இன்னும் அழியாத ஐநோடுகள் நிற்கும் இடம்) காத்திருக்கும், இடம் வெளிவராது. ஸ்கிரிப்ட் ஓடிய நோடில் மட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' (திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் எதுவும் சிக்காமல் போகலாம், மற்ற இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.