சுளகு கொச்சை இல்லை

கேள்வி: போன இதழில் ஏனம், சருவம், கும்பா, குலுக்கை என்று வாசகர்கள் எழுதி அனுப்பிய நெல்லைச் சீமைப் பாத்திரப் பெயர்களை ஒரு பக்கம் நிறையப் போட்டிருந்தீர்கள். பாத்திரமே போன பிறகு பேரை வைத்து என்ன செய்ய? எல்லாம் கொச்சைதானே? என் பேத்தி பரீட்சையில் 'சுளகு' என்று எழுதினாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு 'முறம்' என்று திருத்தியிருந்தார். அதுதான் சரி என்று நானும் பேத்தியிடம் சொன்னேன். பொதுச்சொல் இருக்கும்போது ஊருக்கு ஒரு சொல் எதற்கு?
(பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் பேத்தியின் விடைத்தாளைப் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம். சுளகு கொச்சை இல்லை. புறநானூற்றின் 321-ஆம் பாட்டில் தோல் நீக்கிய வெள்ளை எள் காய்ந்துகொண்டிருப்பது சுளகில்தான். இதே சொல், இதே எழுத்து. அவள் எழுதியது சரி, திருத்தியதுதான் தவறு. முறமும் நல்ல தமிழ்ச்சொல், அதோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் வீட்டுப் பெரியவரான நீங்களும் சேர்ந்துகொண்டு 'அதுதான் சரி' என்றீர்களே, அதுதான் என்னை வருத்துகிறது. விடைத்தாளில் விழுந்த அடியைப் பிள்ளை இரண்டு நாளில் மறந்துவிடும். வீட்டில் பெரியவர் வாயால் 'கொச்சை' என்று கேட்டுவிட்டால், அப்புறம் அந்தச் சொல்லைப் பேசவே அதற்கு நாக் கூசும். இன்றைக்கே பேத்தியைக் கூப்பிட்டு, நீ எழுதினது சரிதான் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியே வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் ஒரு சுளகைக் கொடுத்துப் பாருங்கள். உமி பறக்கத் தூக்கித் தூக்கிப் போட்டால் அது புடைப்பது. தூக்காமல் பக்கவாட்டில் அசைத்து, அரிசியில் கிடக்கும் நெல்லை ஓரத்துக்கு வரவைத்தால் அது நாவுவது. கொழிப்பது, தெள்ளுவது என்று இன்னும் உண்டு. சொல்லுக்குச் சொல் கை அசைவு வேறு. கல் நீக்கிய அரிசி மூட்டையில் வருவதால் இந்த வேலை குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் சுளகு எங்கேயும் போய்விடவில்லை. வற்றல் காயப்போடவும் உளுந்து புடைக்கவும் இன்றும் சந்தையில் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

இனி 'பொதுச்சொல் போதாதா' என்ற கேள்வி. நெல்லைச் சீமையில் பொதுச்சொல் இல்லாமலா இத்தனை பெயர் முளைத்தது? பொதுச்சொல் இருந்தது. அதுதான் ஏனம். 'ஏனம் கழுவணும்' என்றால் அடுக்களையில் கிடக்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். கழுவுகிற நேரத்தில் அது போதும். எடுத்துவரச் சொல்லும்போது போதாது. சருவம் கொண்டா என்றால் வாய் அகன்ற உலோகப் பானை. கும்பா என்றால் அடியில் வளையம் வைத்த வெண்கல, பித்தளைக் கிண்ணம். கம்மங்கஞ்சியைக் கரைத்துத் தரையில் வைத்தாலும் சாயாது. வட்டில் என்றால் விளிம்பு நிமிர்ந்த தட்டு, சோற்றில் ஊற்றிய ரசம் வழியாது. சோறு வடிக்கச் சிப்பில், பொரிக்கச் சீனிச்சட்டி, பானையை உருளாமல் உட்காரவைக்கப் பிரிமணை. போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம் என்று மட்டும் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய; இங்கே அது வாய் அகன்ற ஓர் ஏனமும்தான். இதையெல்லாம் 'பாத்திரம்' என்று சொல்லிவிட்டு, பிறகு 'அந்தப் பெரிய பாத்திரம், அதில்லை, அந்த அகலமான பாத்திரம்' என்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பொதுச்சொல்லால் வேலை எளிதாகிவிட்டதா, நீங்களே சொல்லுங்கள்.

அடுக்களையை விட்டு வெளியே வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நெல்லைச் சீமை ஒரே மண் இல்லை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிப் பாசன வயல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். சாத்தான்குளம், உடன்குடி பக்கம் செம்மணல் தேரியும் பனையும். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. ஆனால் பேச்சில் எல்லாம் ஒரே சீமைதான். அந்தந்த மண்ணில் விளைந்தது எதுவோ, அதை வைக்கவும் அளக்கவும் ஏந்தவும்தான் இந்தச் சொற்கள் பிறந்தன.

கரிசல் வீட்டுக் குலுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் கேட்டால் 'தானியத் தொட்டி' என்று முடித்துவிடுவார்கள். மண்ணும் வைக்கோலும் குழைத்து ஆள் உயரத்துக்கு எழுப்பியது அது. மேல் வாய் வழியாகக் கம்பையோ சோளத்தையோ கொட்டி, மூடி, மண்ணும் சாணியும் வைத்துப் பூசிவிடுவார்கள். அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பழந்துணியைச் சுருட்டி அதை அடைத்திருக்கும். துணியை உருவினால் தானியம் சரிந்து பெட்டியில் விழும். போதும் என்றதும் திரும்ப அடைத்துவிடலாம். மேல் மூடியைத் தொடவே வேண்டாம் என்பதால் ஈரமும் பூச்சியும் உள்ளே ஏறுவது குறைவு. முதலில் கொட்டியது முதலில் வெளியே வரும், பழைய தானியம் மக்கித் தங்காது. காலியான பிறகு சின்னப் பிள்ளை ஒன்றை உள்ளே இறக்கித் துடைக்கச் சொல்வார்கள். 'தானியத் தொட்டி'யில் இந்தத் துளை எங்கே இருக்கிறது? துளையை எடுத்துவிட்டால் அது குலுக்கையே இல்லை.

தேரிப் பக்கம் பனையிலிருந்தே எல்லாம் வந்தது. பாளையில் கட்டுவது கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். இறக்கிய பதநீரைக் குடிக்கப் பச்சை ஓலையை மடித்து முனையைக் கட்டினால் பட்டை. இந்தப் பட்டை போய்விட்டதா? பதநீர்க் காலத்தில் திருச்செந்தூர்ச் சாலையில் போய்ப் பாருங்கள், ஓலை வாசத்தோடு ஊற்றிக் கொடுக்கிறார்கள். பதநீரைக் காய்ச்சி ஊற்றிய சிரட்டையின் வடிவம்தான் கருப்பட்டியின் வடிவம். கொட்டாங்குச்சி என்று சொல்கிற ஊர்க்காரர்களும் கருப்பட்டியைக் கையில் எடுக்கும்போது நம் சிரட்டையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஓலையில் கொட்டான், கடகம், நார்ப்பெட்டி என்று முடைந்தவை தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆற்றுப்பாசனப் பக்கத்துச் சொற்களுக்கு இன்னொரு கனம் உண்டு. அவை பத்திரத்தில் ஏறிய சொற்கள். 8 நாழி ஒரு மரக்கால், 21 மரக்கால் ஒரு கோட்டை. நெல்லை அளந்த மரக்காலே நிலத்தையும் அளந்தது. எவ்வளவு விதை விழுமோ அதுதான் வயலின் அளவு; 'கோட்டை விதைப்பாடு', 'மரக்கால் விதைப்பாடு' என்றே எழுதி வைத்தார்கள். விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, புரி சுற்றி இறுக்கி, சாணி மெழுகி வைத்தார்களே, அந்தக் கட்டுக்கும் கோட்டை என்றுதான் பேர். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து மரக்காலைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பழைய பத்திரத்திலிருந்து எடுக்கவில்லையே. தாத்தா எழுதி வைத்த சொத்தைப் படிக்க, பேரனுக்கு மரக்கால் தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் சொல்வதில் ஓரிடம் எனக்கும் சம்மதம். மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கமலை போய்விட்டது. மின்மோட்டார் வந்த பிறகு கிணற்றில் நீர் அள்ளும் கூனை இறங்குவதில்லை. மாடு பள்ளத்தில் இறங்க, வடம் கூனையை மேலே தூக்க, வால்கயிறு விட்டுக்கொடுத்ததும் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் பாயும். அதை ஓட்டியவர்களுக்கு இப்போது தள்ளாத வயது. பாத்திரமே போய்விட்டது என்று நீங்கள் சொல்கிற அதே காரணத்துக்காகத்தான் இதை இந்த வருஷமே எழுதி வாங்கவேண்டும் என்கிறேன். அடுத்த வருஷம் கேட்க ஆள் இருக்குமோ என்னவோ.

இடைசெவல் கி.ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், திருநெல்வேலி வழக்கு என்று தனிக் குறி போட்டுச் சொற்களைச் சேர்த்தது. இந்த அகராதிகளைச் செய்தவர்கள் இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கவில்லை. இருந்தும் அகராதிகளில் பாத்திரப் பெயருக்கு நேரே 'ஒருவகைப் பாத்திரம்' என்று மட்டும் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. எந்த வகை? வாய் எத்தனை அகலம்? யார் கையில் இருந்தது? அதைச் சொல்ல வீடுகளில் ஆள் இருந்தார்கள், கேட்கத்தான் இல்லை.

அதனால் இனி பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மண்ணா, ஓலையா, மரமா, பித்தளையா, வெண்கலமா என்று எழுதுங்கள். வாயையும் உயரத்தையும் சாணால் அளந்தாலும் போதும். எத்தனை நாழி பிடிக்கும், கழுத்து உண்டா, காது உண்டா, எந்த வேலைக்கு எடுத்தார்கள், எதற்கு எடுக்கக்கூடாது என்றார்கள் என்பதும் வேண்டும். எந்த ஊர் என்பதை மறக்காமல் எழுதுங்கள். ஆற்றங்கரையில் ஒன்றும் கரிசலில் இன்னொன்றும் ஒரே பெயரில் இருக்கலாம். பித்தளை, வெண்கல ஏனங்களின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தால் அதையும் பார்த்து எழுதுங்கள், ஏனத்தின் வயது அதில் இருக்கிறது. பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் என்று எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்த இதழில் ஓலைப் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறோம். கொட்டானில் தொடங்கலாம்.