ஆளில்லாக் கப்பல் வருகிற காலத்தில் மகளைக் கப்பல் படிப்பில் சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இனிக் கப்பல்களைக் கணினியே ஓட்டும், எண்ணெயும் போய்விடும், பிறகு இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்பது ஒன்று. மகள் கப்பலில் வேலைக்குப் போக விரும்பவில்லை, கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள், அப்படி ஒரு பிழைப்பு உண்டா என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது கேள்வியும் பாதி கரைந்துவிடும்.

அப்படி ஒரு பிழைப்பு உண்டு. உலகக் கப்பல்கள் 2018இல் ஏறத்தாழ 107 கோடி டன் பசுங்குடில் வாயுக்களை வெளியிட்டன. மனிதர்கள் வெளியிடும் மொத்தத்தில் இது சுமார் 2.9 சதவீதம். ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ, 2023இல் ஒரு பாதையை வகுத்தது: 2008ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டு 2030க்குள் குறைந்தது 20 சதவீதமும், 2040க்குள் குறைந்தது 70 சதவீதமும் குறைக்க வேண்டும், 2050ஐ ஒட்டி நிகரப் பூஜ்யத்தை, அதாவது வெளியிடுவதும் ஈடுசெய்வதும் சமமாகும் நிலையை, எட்ட வேண்டும். இதைக் கட்டாயமாக்கும் விதிமுறைகளை நிறைவேற்ற 2025 அக்டோபரில் லண்டனில் கூடியபோது, 57க்கு 49 என்ற வாக்கில் ஓராண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். ‘பார்த்தீர்களா, எல்லாம் காகிதத்தோடு சரி’ என்று உங்கள் மைத்துனர் சொல்லக்கூடும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வந்துபோகும் பெரிய கப்பல்களின் கரியமில வாயுவுக்கு விலை வைத்து வசூலிக்கிறது. இன்று ஆர்டர் கொடுக்கும் கப்பல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும். அதாவது 2050ஐ ஒட்டியும் அது கடலில்தான் இருக்கும். அதற்கு எந்த எரிபொருளை நம்பி இன்ஜின் வாங்குவது என்பது கப்பல் முதலாளிகளுக்கே பிடிபடவில்லை. அந்தக் குழப்பம்தான் ஆராய்ச்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

பத்திரிகைகள் ‘பசுமைக் கப்பல்’, ‘ஆளில்லாக் கப்பல்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுகின்றன. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் அடிப்படை வேதியியலும் வெப்பவியலும். மற்றதன் அடிப்படை கணிதமும், இயந்திரங்களைத் தானாக இயங்கவைக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலும்.

எரிபொருள் பக்கத்தை முதலில் பார்ப்போம். இன்று போட்டியில் இருக்கும் எதுவும் குறையில்லாதது கிடையாது. மெத்தனாலைச் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாகத் தொட்டியில் வைக்கலாம். 2023இல் கோபன்ஹேகனில் பெயர் சூட்டப்பட்ட ‘லாரா மெர்ஸ்க்’ மெத்தனாலில் ஓடக்கூடிய சரக்குப் பெட்டகக் கப்பல். ஆனால் ஒரு கிலோ மெத்தனாலில் கிடைக்கும் ஆற்றல் கப்பல் எண்ணெயில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்; தொட்டி பெரிதாகும், சரக்குக்கு இடம் குறையும். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். அம்மோனியாவில் கார்பனே இல்லை, மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும் என்பதால் பலரின் கண் அதன்மீது இருக்கிறது. ஆனால் அது எளிதில் பற்றாது, மெதுவாக எரியும். பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் தேவைப்படுகிறது. எரிதல் சரியாக அமையாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வெளிவரும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல் கொடியது. கார்பனைத் தவிர்க்கப் போய் அதைவிட மோசமானதைப் புகைபோக்கியில் விட்டால் என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மோனியா நச்சு. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். கரையில் ஓடுவதற்குத் தெருவாவது இருந்தது. நடுக்கடலில், மூடிய இன்ஜின் அறையில் கசிந்தால் எங்கே ஓடுவது? கசிவை நொடிக்குள் கண்டறியும் உணரிகள், இரட்டைச் சுவர்க் குழாய்கள், காற்றோட்ட வடிவமைப்பு, துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பும் முறை என்று ஒவ்வொன்றிலும் இன்று ஆட்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். 2024இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் ‘கிரீன் பயனியர்’ கப்பல் சிங்கப்பூரில் அம்மோனியாவை டீசலோடு சேர்த்து எரித்துக் காட்டியது. அதே ஆண்டு ஜப்பானில் ‘சாகிகாகே’ என்ற இழுவைக் கப்பல் அம்மோனியாவில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூரில் 2021இலும் கோபன்ஹேகனில் 2020இலும் கப்பல்களின் கார்பனைக் குறைப்பதற்கென்றே தனி மையங்கள் தொடங்கப்பட்டன. உங்கள் மகள் வேதியியலில் ஆர்வமுள்ளவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கெமிக்கல் இன்ஜினியர் கப்பல் துறையில் இவ்வளவு தேடப்படுவார் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் ஊரிலும் அசைவு இருக்கிறது. காண்ட்லா, பாராதீப்போடு தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தையும் பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்ப்பதற்கு ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. கொச்சியில் கட்டப்பட்ட, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் இயங்கும் உள்நாட்டு நீர்வழிப் படகு 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இவை சிறு அளவிலான முயற்சிகள். இதை நம்பி நாளைக்கே தூத்துக்குடியில் ஆயிரம் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி ஆளில்லாக் கப்பல். எல்லோரும் மேற்கோள் காட்டும் ‘யாரா பிர்க்லாண்ட்’ நார்வேயில் ஓர் உர நிறுவனத்தின் கப்பல். 120 பெட்டகங்கள் ஏற்றும், முழுக்க பேட்டரியில் ஓடும், 2022இல் சேவைக்கு வந்தது. ஆண்டுக்கு 40,000 லாரிப் பயணங்களைத் தவிர்ப்பது அதன் நோக்கம். ஆனால் அது மாலுமிகளோடுதான் ஓடத் தொடங்கியது. படிப்படியாக ஆட்களைக் குறைப்பதாகத் திட்டம். அது போவதும் தொழிற்சாலைக்கும் பக்கத்துத் துறைமுகத்துக்கும் இடையிலான குறுகிய தூரம். பெருங்கடலில் இருபது நாள் ஓடும் கப்பலில் எண்ணெயைச் சூடாக்க வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், வால்வு பழுதானால் கழற்றி மாட்ட வேண்டும். அதைக் கணினி செய்யாது. பேட்டரியும் மின்மோட்டாரும் வந்தால் பராமரிப்பு குறையும், அப்போதுதான் ஆள் இல்லாமல் ஓட்டுவது சாத்தியமாகும். பசுமையும் தன்னியக்கமும் சந்திக்கும் இடம் இதுதான். அதனால்தான் முதலில் மாறுபவை குறுந்தூரக் கப்பல்களும் படகுகளும். ஜப்பான் 2022இல் 222 மீட்டர் நீளமுள்ள பெரிய பயணியர் கப்பலைத் தன்னியக்கமாக ஓட்டிச் சோதித்தது உண்மைதான். அது சோதனை ஓட்டம். தன்னியக்கக் கப்பல்களுக்கான கட்டாய விதிகளை 2032இல் நடைமுறைக்குக் கொண்டுவருவது ஐஎம்ஓவின் இலக்கு. ஆகவே கடலோடிகளின் வேலை உங்கள் மகள் பட்டம் வாங்குவதற்குள் மறையப் போவதில்லை.

இந்த ஆராய்ச்சியின் முடிச்சு எங்கே இருக்கிறது தெரியுமா? கப்பலைத் தானாகத் திருப்புவதில் இல்லை. எதிரே வருபவன் என்ன செய்வான் என்று ஊகிப்பதில் இருக்கிறது. மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் மனிதர்களுக்காக எழுதப்பட்டவை. கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்திரு என்கின்றன. போதிய நேரம் இருக்கும்போதே, நல்ல கடலோடிக்குரிய முறையில் விலகு என்கின்றன. போதிய நேரம் என்றால் எத்தனை நிமிடம்? நல்ல கடலோடி என்பதை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது? நார்வேயின் ஃபியோர்டிலேயே, அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடலிலேயே, இது கடினம். நாகப்பட்டினத்துக்கு வெளியே, இருட்டில், அடையாளக் கருவி எதுவும் பொருத்தாத நூறு ஃபைபர் படகுகளும் விரித்த வலைகளும் இருக்கும் கடலில் கப்பலை ஓட்டும் கணினி நிரல் என்ன செய்யும்? இதற்கு விடை தேட நம் கடலை அறிந்தவர்கள்தான் வேண்டும். ஓஸ்லோவில் உட்கார்ந்து யாரும் தீர்த்துத் தரமாட்டார்கள்.

இதில் முன்னோடியாக மதிக்கப்படும் தோர் ஃபோசெனின் படிப்பைக் கவனியுங்கள். நார்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரில் முதலில் கடல் தொழில்நுட்பத்தில் முதுகலை. பிறகு, 1991இல், கட்டுப்பாட்டுப் பொறியியலில் முனைவர் பட்டம். கப்பல் எப்படி அசைகிறது என்பதையும், அசைவை எப்படி ஆள்வது என்பதையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டதால்தான் அவருடைய கணித மாதிரிகளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்த நகரின் பல்கலைக்கழகம் ‘மில்லிஆம்பியர் 2’ என்ற தன்னியக்கப் படகைக் கட்டி, 2022இல் நகரக் கால்வாயில் பொதுமக்களை ஏற்றி ஓட்டியது. அந்தச் சோதனையில் பயணிகள் படகை எவ்வளவு நம்பினார்கள் என்று உளவியல் தெரிந்தவர்களும் ஆராய்ந்தார்கள். இன்னொரு வழி லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்தின் டிரிஸ்டன் ஸ்மித் போன்றவர்களுடையது. ஐஎம்ஓவுக்காக 2014இல் வெளியான கப்பல் உமிழ்வுக் கணக்கெடுப்புக்கு அவர் தலைமை தாங்கினார். கப்பல்கள் ஒலிபரப்பும் இருப்பிடத் தகவல்களைக் கோடிக்கணக்கில் சேர்த்து, எந்தக் கப்பல் எவ்வளவு எரித்திருக்கும் என்று கணக்கிடும் வேலை அது. தரவுகளைக் கையாளத் தெரிந்த ஒரு கணினிப் பட்டதாரிக்கு இது நேரான வாசல்.

சரி, எங்கே சேர்ப்பது? இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கப்பலில் போக விருப்பமில்லாத பெண்ணை மரைன் இன்ஜினியரிங் பி.டெக். படிப்பில் சேர்க்காதீர்கள். அது கடலோடியை உருவாக்கும் பயிற்சி. சீருடை, விடுதி ஒழுங்கு, பிறகு கப்பலில் பயிற்சிக் காலம், தகுதிச் சான்றிதழ் தேர்வு என்று அந்தப் பாதை முழுவதும் கடலை நோக்கியே போகிறது. நான்கு ஆண்டு கழித்துக் கடலுக்குப் போகாமல் நின்றால் பட்டத்தின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். மாறாக, சில ஆண்டுகள் கடலில் இருந்துவிட்டுப் பிறகு ஆராய்ச்சிக்கு வருகிறேன் என்று அவளே சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு சம்மதியுங்கள். இன்ஜின் அறையும் தெரிந்து, கணிதமும் தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே குறைவு. அப்போது மட்டும், கட்டணம் கட்டுவதற்கு முன்பே கப்பல் துறை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண்பார்வையையும் நிறக்குருடையும் சோதித்துவிடுங்கள். நிறம் பிரித்தறியாவிட்டால் சேர்ந்த பிறகு வழியில்லை.

அவளுடைய இன்றைய விருப்பத்துக்குப் பொருந்துவது கப்பலை வடிவமைக்கக் கற்றுத்தரும் நேவல் ஆர்க்கிடெக்சர், கடல்சார் பொறியியலான ஓஷன் இன்ஜினியரிங். சென்னை ஐஐடி, கரக்பூர் ஐஐடி, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகம் ஆகியவை தெரிந்த இடங்கள். இவை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நல்ல அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல், கெமிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு முதுகலையில் கப்பல் பக்கம் திரும்பலாம். ‘ஆட்டோனமஸ் ஷிப்பிங்’ என்று பலகை மாட்டிய, ஆய்வகம் இல்லாத, லட்சங்கள் கேட்கும் கல்லூரியைவிட கிண்டியில் சாதாரண மெக்கானிக்கல் எவ்வளவோ மேல். வளாகத்தைச் சுற்றிக் காட்டும்போது விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, மாதிரிக் கப்பலைச் சோதிக்கும் அலைத்தொட்டி எங்கே, பேராசிரியர்கள் கடைசியாக எதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் என்று கேளுங்கள். முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டு முதுகலை என்று யாராவது பேசினால் அவசரப்படாதீர்கள். நார்வே அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அதே நார்வேயில், டென்மார்க்கில், நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. ஆகவே பொறியியல் முதுகலைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு இங்கேயே ஐஐடியில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு வெளியே போவது சிக்கனமான வழி. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. தன்னியக்க நீர்மூழ்கிக் கருவிகளில் அங்கே வேலை நடக்கிறது.

உறவினர்கள் ‘பெண் பிள்ளைக்குக் கப்பல் படிப்பா’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் கட்டணம் கட்டப் போவதில்லை, எனவே அதை இத்தோடு விடுவோம்.

இந்த விடுமுறையில் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். ஃபோசென் தன் கப்பல் மாதிரிகளின் நிரல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். பைதான் நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, அவற்றில் ஒன்றை ஓட்டி, சுக்கானைத் திருப்பினால் கப்பல் ஏன் உடனே திரும்பாமல் தாமதிக்கிறது என்று அவள் பார்க்கட்டும். பாதிக் கணிதம் புரியாது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளுக்குப் புரிய வேண்டியதும் இல்லை. மறுநாளும் அவளாகவே அதைத் திறந்தால், கலந்தாய்வுப் பட்டியலில் ஓஷன் இன்ஜினியரிங்கை மேலே போடுங்கள். எரிபொருள் வேதியியலைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்றால் கெமிக்கலை மேலே போடுங்கள். ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க் வந்ததும் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், வரிசையைச் சேர்ந்து சரிபார்க்கலாம்.

படகில் ஏறினாலே மகளுக்குத் தலைசுற்றும், அது தடையாகுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்குச் சில நாள் சோதனைக்காகப் படகில் ஏற வேண்டிவரலாம். அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் அதைக் கேட்க மாட்டார்கள்.